கேள்வி நேரம் இல்லாத பேச்சுக்கு அனுமதி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கு வந்த ஆன்மிகப் பேச்சாளரிடம் பிள்ளைகள் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்பது பெரியவர்களை மதிக்கத் தெரியாத தலைமுறையின் அடையாளம் என்று இந்தப் பகுதியில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். அவர் வருத்தத்தில் பாதி நியாயம் உண்டு. சில பிள்ளைகள் கேட்கும் விதம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டதே தவறு என்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. கேட்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பதில்லை, கேட்க நேரமும் ஒதுக்குவதில்லை, மைக்கைப் பேச்சாளர் கையிலேயே விட்டுவிடுகிறோம். பிறகு மரியாதை இல்லை என்று புலம்புவது எந்த ஊர் நியாயம்?

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கடற்கரைப் பள்ளிகளில் தமிழும் அறிவியலும் நடத்தியவர்கள் சேர்ந்து எழுதும் கடிதம் இது. நாங்கள் எல்லோரும் ஒரே மதத்தவர் அல்ல. கடவுள் விஷயத்தில் எங்களுக்குள் ஒத்த கருத்தும் இல்லை. பேச்சுக்குப் பின் கேள்வி வேண்டும் என்பதில் மட்டும் ஒத்துப்போகிறோம்.

பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் இத்தகைய பேச்சுகள் அதிகம். தன்னம்பிக்கை, மன ஒருமைப்பாடு என்ற பெயரில் அழைப்பு வரும். பத்தாவது நிமிடத்தில் முன்வினையோ, சாபமோ, அற்புத சுகமோ மேடைக்கு வந்துவிடும். 2024 ஆகஸ்டில் சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் இதுதான் நடந்தது. உடற்குறையை முற்பிறவிப் பாவத்தோடு முடிச்சுப் போட்டார் பேச்சாளர். பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் அந்த இடத்திலேயே எழுந்து மறுத்தார். பேச்சாளர் கைதானார், தலைமையாசிரியர் மாற்றப்பட்டார். மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. அன்று எழுந்து கேட்டவர் ஆசிரியர் என்பதால் நாடே பேசியது. அதே கேள்வியைப் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டிருந்தால், “உக்காரும்மா” என்ற ஒரு சொல்லோடு முடிந்திருக்கும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனையே கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28(1). அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளி என்றால், மதபோதனையில் எந்தப் பிள்ளையையும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் உட்கார வைக்கக் கூடாது என்பது 28(3). நம் பகுதியில் சபை நடத்தும் பள்ளியும் ஜமாஅத் நடத்தும் பள்ளியும் நிறைய இருப்பதால் இந்த இரண்டாவது விதி முக்கியம். மதங்களைப் பற்றிச் சொல்லிக் கொடுப்பது வேறு, மதத்தைப் போதிப்பது வேறு. முன்னதற்குத் தடை இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆராய்ந்து கேட்கும் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 51ஏ(எச்) சொல்கிறது. ஆகவே கேள்வி கேட்கும் பிள்ளை ஒழுங்கை மீறவில்லை; கடமையைத்தான் செய்கிறது.

இனி ஏற்பாடு. 45 நிமிடப் பாடவேளை என்றால் பேச்சுக்கு 22, கேள்விக்கு 20, மீதி வரவேற்புக்கு. பொன்னாடை, நினைவுப் பரிசு, புகைப்படம் எல்லாம் தலைமையாசிரியர் அறையிலேயே முடிந்துவிட வேண்டும். கேள்வி நேரத்தைத் தின்பது பெரும்பாலும் பேச்சாளர் அல்ல, நன்றியுரைதான். இந்தக் கணக்கை அழைப்புக் கடிதத்திலேயே எழுத வேண்டும். வந்த பிறகு சொன்னால், “இன்னும் அஞ்சே நிமிஷம்” என்பது மணி அடிக்கும்வரை நீளும்.

கேட்பவருக்குத் தனி மைக் வேண்டும். ஒரே மைக் என்றால் என்ன ஆகிறது தெரியுமா? “தம்பி என்ன கேக்குறாருன்னா...” என்று பேச்சாளர் கேள்வியைத் தன் வசதிக்கு மாற்றிச் சொல்லி, தான் மாற்றியதற்கு விடை சொல்வார். கூட்டம் கைதட்டும். பையன் கேட்டது காற்றோடு போகும்.

துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டியில் போடும் முறை கூச்சப்படும் பிள்ளைக்கு உதவும். அதிலும் ஒரு கோளாறு உண்டு: சீட்டைப் பிரிக்கும் ஆசிரியர் சங்கடமான கேள்விகளை அடியில் தள்ளிவிடுவார். வெவ்வேறு மதத்தைச் சேர்ந்த இரண்டு ஆசிரியர்களும் இரண்டு மாணவர்களும் சேர்ந்து பிரிக்கட்டும். திரும்ப வருவதையும், பேச்சாளரின் குடும்பம், சாதி, வருமானம் பற்றியதையும் மட்டும் நீக்கலாம். ‘கடினமானது’ என்பது நீக்கக் காரணம் ஆகாது. மீதியைக் குலுக்கி எடுக்க வேண்டும். ஒரு கேள்விக்கும் விடைக்கும் மூன்று நிமிடம் என்றால் ஆறு கேள்வி நிச்சயம் போகும். மூன்று கேள்விகளை ஒரு வாரம் முன்பே பேச்சாளருக்கு அனுப்புவதும் நல்லது. திடுக்கிட வைப்பது நோக்கம் இல்லையே. யோசித்துச் சொன்ன விடைதான் பிள்ளைக்குப் பயன்படும்.

கேள்வியை எப்படிக் கட்டுவது? பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணத்தில் வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று நடத்துகிறோம். ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்தப் பாடம் முழுவதும் இங்கே வேலை செய்யும். மேடையில் இருப்பவரிடம் கேட்கத் தக்கவை, தெரியாததைக் கேட்கும் அறியா வினாவும், இதுவா அதுவா என்று ஐயத்தில் கேட்கும் ஐய வினாவும். தனக்கு விடை தெரிந்துகொண்டே எதிராளியைச் சோதிக்கும் அறிவினாவை ஆசிரியர் மாணவரிடம் கேட்கலாம். விருந்தினரிடம் மாணவர் கேட்டால் அது மடக்குவதற்கென்றே வந்தது என்று கூட்டத்துக்கே தெரிந்துவிடும். முரட்டுத்தனம் என்று வாசகர் சொன்னதில் பெரும்பகுதி இதுதான்.

நல்ல கேள்விக்கு மூன்று துண்டு போதும்: அவர் சொன்னது, அதில் எனக்குள்ள ஐயம், நான் கேட்பது. இருபது நொடிக்குள் முடிய வேண்டும். ஒரு முறைக்கு ஒரு கேள்விதான். இரண்டு கேட்டால் எளியதை எடுத்துக்கொண்டு கடினத்தை விட்டுவிடுவார்கள், அது மனித இயல்பு. விளிப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். சுவாமி, ஃபாதர், சிஸ்டர், பாஸ்டர் ஐயா, ஹஜ்ரத் என்று அவரவர் வழக்கப்படி அழைக்கட்டும். அப்படி அழைப்பதால் அந்த மதத்தை ஏற்றதாக ஆகிவிடாது. எழுந்து நின்று கேட்க வேண்டும். தேசிய கீதம் பாடாமல் எழுந்து மட்டும் நின்ற கேரளப் பிள்ளைகள் மூவரைப் பள்ளியை விட்டு நீக்கிய வழக்கில், எழுந்து நின்றதே மரியாதைதான் என்று உச்ச நீதிமன்றம் 1986இல் முடிவு செய்தது. உடம்பால் மரியாதை காட்டி, மனத்தால் ஒப்பாமல் இருக்க இடம் உண்டு.

‘ஜெபித்தால் எந்த நோயும் போகும்’ என்று பேச்சாளர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “அப்ப ஆஸ்பத்திரி எதுக்கு?” என்பது கேலி. அதற்கு அவர் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொல்லித் தப்பிவிடலாம். “ஐயா, ஜெபிச்சா சுகமாகும்னு சொன்னீங்க. எங்க அம்மாவுக்குச் சர்க்கரை. மாத்திரையை நிறுத்திட்டு ஜெபிக்கச் சொல்றீங்களா, மாத்திரையோட சேர்த்து ஜெபிக்கச் சொல்றீங்களா?” இதில் தப்ப வழி இல்லை, ஆனால் அவமதிப்பும் இல்லை. ‘சேர்த்து’ என்று அவர் சொன்னாலே ஒரு மண்டபம் நிறைய பிள்ளைகளுக்கு நன்மை. இதை வெறும் வாதம் என்று யாரும் தள்ள முடியாத ஊர் நம்முடையது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தர்கா இருக்கும் ஏர்வாடியில், தனியார் காப்பகத்தில் பிடித்த தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் இறந்தார்கள். இன்று அந்தத் தர்காவுக்கு வருவோருக்குத் துஆவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. ‘சேர்த்து’ என்ற விடை நடைமுறையில் அப்படித்தான் இருக்கும்.

விடையைக் கவனிப்பது கேள்வியைவிடக் கடினம். சுட்டிக் காட்டும் சுட்டு, மறுக்கும் மறை, உடன்படும் நேர் ஆகிய மூன்றும் வெளிப்படை விடை. மீதி ஐந்தும் மறைமுகமாக உணர்த்தும் குறிப்பு விடை. மேடையில் அதிகம் புழங்குவது அந்த ஐந்துதான். “ஒரு மண்டலம் விரதம் இருந்து பார், உனக்கே தெரியும்” என்பது ஏவல். “எனக்கு இப்படித்தான் குணமாச்சு” என்பது உற்றது உரைத்தல். “வயசானா புரியும் தம்பி” என்பது உறுவது கூறல். மாத்திரையைப் பற்றிக் கேட்டால் தாய்ப்பாசத்தைப் பற்றிப் பேசுவது இனமொழி. எல்லாவற்றிலும் கைதட்டு வாங்குவது வினா எதிர் வினாதல்: “கடவுளைப் பார்க்க முடியலைன்னு சொல்றியே, நீ காத்தைப் பார்த்திருக்கியா?”

பாம்பன் பிள்ளையிடம் இதைக் கேட்பது தமாஷ்தான். வாடை எப்போது எழும், கச்சான் எப்போது மாறும், கொண்டலில் வலை எப்படி இழுக்கும் என்று வீட்டிலேயே பேசும் பிள்ளை அது. “காத்தைப் பார்க்க முடியாதுங்க. ஆனா வேகத்தை அளக்குறாங்க, பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துறாங்க, சொன்ன நேரத்துக்குக் காத்தும் வருது. நீங்க சொல்றதை அளக்கவோ முன்கூட்டிச் சொல்லவோ ஏதாவது வழி இருக்குங்களா?” இதைச் சாந்தமாகக் கேட்டால் போதும். ‘இல்லை, இது நம்பிக்கை’ என்று அவர் சொன்னால் அது நேர்மையான விடை, நன்றி சொல்லி உட்கார்ந்துவிட வேண்டும். அதற்குமேல் இழுப்பவர் ஜெயிப்பதற்காக இழுக்கிறார். மறுகேள்வி ஒன்றுக்கு மேல் கூடாது. அந்த ஒன்றும் பெரும்பாலும் இப்படி அமையும்: “நான் கேட்டது மாத்திரையைப் பத்தி, அதுக்கு மட்டும் சொல்றீங்களா?”

பாம்பனை அடுத்த குந்துகாலில் விவேகானந்தருக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. 1897 ஜனவரி 26 அன்று அவர் அங்கே வந்திறங்கினார், பாஸ்கர சேதுபதி வரவேற்றார் என்று பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுகிறோம். இளைஞராக இருந்தபோது ராமகிருஷ்ணரிடம் அவர் கேட்டது “ஐயா, கடவுளைப் பார்த்திருக்கிறீர்களா?” என்பது. இதைவிடக் குறுக்குக் கேள்வி எது? ‘வயசானா புரியும்’ என்ற பேச்சு அங்கே எழவில்லை. பார்த்திருக்கிறேன் என்று நேர்விடை வந்தது. அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. கேட்கவும் சொல்லவும் அங்கே இடம் இருந்தது.

எந்தக் கூற்றுக்கு எந்தக் கேள்வி என்பதைப் பிரித்தறியாவிட்டால் எல்லாம் வீண். அளந்து பார்க்கக் கூடியது, நம்பிக்கை, எப்படி வாழ வேண்டும் என்ற அறிவுரை என்று மூன்றாகப் பிரிக்கலாம். ஆதாரம் கேட்க வேண்டியது முதல் வகைக்கு மட்டும். அதற்கு ராமேசுவரத்து மிதக்கும் கல்லைவிடத் தோதான பொருள் இல்லை. பேச்சாளர்கள் சிலர் தொட்டியோடு கொண்டுவந்தே காட்டுகிறார்கள். அறிவியல் ஆசிரியர் அனுமதி கேட்டு, அந்தக் கல்லைப் பிள்ளைகள் முன் அளக்கலாம். உலர்ந்த கல்லைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். வாளியில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, அடியில் ஒரு பெரிய தட்டு வைத்து, கல்லை மெல்லிய கம்பியால் முழுக்க அமுக்க வேண்டும். வழிந்த நீரை அளவுச் சாடியில் ஊற்றிப் பார்க்க வேண்டும். கல் 1,200 கிராம், வழிந்தது 1,500 மில்லி என்றால் அடர்த்தி 0.8, தண்ணீருக்கு 1 என்பதால் மிதக்கும். கடல்நீரில் இன்னும் கொஞ்சம் மேலெழும். அமுக்கும்போது கைவிரல் உள்ளே போனால் கணக்குக் கெடும். கல் ஏற்கெனவே தண்ணீரில் ஊறியிருந்தால் எடை கூடிக் காட்டும். இரண்டு நாள் வெயிலில் காய வைத்த பிறகுதான் நிறுக்க வேண்டும். எரிமலைக் குழம்பு நுரைத்து உறைந்த கல்லுக்கும், உள்ளே காற்றடைத்த சிலவகைப் பவளப்பாறைக்கும் இந்தக் குணம் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று மன்னார் வளைகுடாத் தீவுகளிலிருந்து யாரும் பவளத்தை எடுத்து வந்துவிடக் கூடாது. அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது.

அளந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி ராமரைப் பற்றியதே அல்ல. “சுவாமி, இந்தக் கல் எங்கே எடுத்தது? அதே இடத்துல வேற கல் எடுத்தாலும் மிதக்குமா? நாளைக்கு இது மூழ்கிட்டா உங்க பக்தி குறையுமா?” கடைசிக் கேள்விக்குக் குறையாது என்றுதான் எந்த உண்மையான பக்தரும் சொல்வார். அப்படியானால் கல்லைக் காட்ட வேண்டிய அவசியம் என்ன என்பது சபைக்கே விளங்கிவிடும். ராமர் பாலம் எனப்படும் சேதுவுக்குப் பதினேழரை லட்சம் வயது என்று நாசா சொன்னதாக மேடைதோறும் ஒலிக்கிறது. விண்ணிலிருந்து எடுத்த படத்தை வைத்து ஒரு திட்டின் வயதையோ அது உருவான விதத்தையோ சொல்ல முடியாது என்று நாசா தரப்பிலேயே விளக்கம் வந்துவிட்டது. “படம் எடுத்தது நாசா, வயசைச் சொன்னது யாருங்க?” என்ற ஒரு வரி போதும்.

இந்து மதத்தை மட்டும் குறி வைப்பதாக யாரும் எண்ண வேண்டாம். ஓரியூரில் கிறிஸ்தவப் பாதிரியார் அருளானந்தர் 1693இல் தலை வெட்டுண்டு இறந்த இடத்து மண் அவர் ரத்தத்தால் சிவந்தது என்பார்கள். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டு மணலும் இரும்பு ஆக்சைடால் சிவந்துதான் கிடக்கிறது. ராமேசுவரத்தில் ஆபில் காபில் தர்காவின் நீண்ட அடக்கத்தலங்கள் ஆதமின் மக்களுடையவை என்பார்கள்; எந்தக் காலத்துக் கட்டுமானம் என்று கேட்கலாம். மூன்று மதத்தவரிடமும் ஒரே அச்சில் வார்த்த கேள்வியைத்தான் கேட்க வேண்டும். “இதே மாதிரிச் சான்றை வேற மதத்தவர் காட்டினா நீங்க ஏத்துக்குவீங்களா?” என்பதும் அவற்றில் ஒன்று.

நம்பிக்கை வகைக்கு அளவுச்சாடி உதவாது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, ராமநாதசுவாமி கோயில் தப்பியது இறையருள் என்று ஒருவர் சொன்னால், அலை கொண்டுபோன ரயிலில் இருந்தவர்களுக்கு அருள் ஏன் கிட்டவில்லை என்ற கேள்வி எழத்தான் செய்யும். கேட்கலாம். ஆனால் அந்த ரயிலில் உறவைப் பறிகொடுத்த குடும்பத்துப் பிள்ளையும் அதே மண்டபத்தில் இருக்கலாம். வெற்றிக் குரலில் கேட்காமல், “இதை நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிறீங்க?” என்று கேட்பதே பொருந்தும். எல்லா மதத்திலும் பெரியவர்கள் இதற்கு முன் திணறியிருக்கிறார்கள். பேச்சாளரும் திணறினால் குறைவில்லை.

எங்கள் பெரிய கவலை வேறு. கேட்ட பிள்ளைக்குப் பின்னால் என்ன ஆகிறது? பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25, மேல்நிலையில் அகமதிப்பீட்டுக்கு 10 என்று ஆசிரியர் கையில் மதிப்பெண் இருக்கிறது. யாரும் குறைக்காவிட்டாலும் அந்தப் பயம் வாயைக் கட்டும். கேள்விக்காக எவர் மீதும் நடவடிக்கை இல்லை என்று தலைமையாசிரியர் கூட்டத்திலேயே அறிவிக்க வேண்டும். கைபேசி கூடவே கூடாது. பேச்சாளருடன் வருபவர்கள் படம் எடுக்கிறார்கள்; இரண்டு மணி நேரத்தில் ஊர் வாட்ஸ்அப் குழுவில், முன்பின் வெட்டப்பட்டு, பெண் பிள்ளையின் முகத்தோடு அது சுற்றுகிறது. அதற்குப் பிறகு ஜமாஅத்திலோ, தேவாலயப் பங்கிலோ, ஊர்ப் பஞ்சாயத்திலோ பெற்றோர் கைகட்டி நிற்க வேண்டி வரும். பதிவு தேவையென்றால் பள்ளி ஒலியை மட்டும் பதியட்டும். ஒரு மதத்துப் பேச்சாளரிடம் இன்னொரு மதத்துப் பிள்ளையை ஆசிரியர் தூண்டிவிடுவதும் தவறு. கேள்வி மறந்துபோய் சாதி சமயச் சண்டையாகிவிடும். கலப்பான வகுப்புகளில் சீட்டை ஆசிரியரே வாசிப்பது இதனால்தான் நல்லது.

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு எங்கள் வேண்டுகோள்: வெளியாள் பேச்சுக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில், பேச்சின் பொருள், கேள்விக்கான நேரம், பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒப்புதல், படப்பதிவு இல்லை என்ற உறுதி ஆகிய நான்கு வரிகளைக் கட்டாயமாக்குங்கள். மீறல் நடந்தால் பெற்றோர் 14417 என்ற கல்வி உதவி எண்ணில் சொல்லலாம் என்பதையும் அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். கேள்விக்கு 20 நிமிடம் தர மனமில்லாத பேச்சாளர் கோயில் மண்டபத்திலோ, பள்ளிவாசலிலோ, தேவாலய வளாகத்திலோ பேசட்டும். கேட்க விரும்பும் பிள்ளை பெற்றோரோடு அங்கே போய்க் கேட்டுக்கொள்ளும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
இராமநாதபுரம் கடற்கரை வட்டாரம்.